"தங்குமிடம், சாப்பாடு இலவசம்": வீடில்லாத இளைஞர்களுக்கு ஒரு சிறுதொழில் எதைச் செய்வது நல்லது?

"ஆட்கள் தேவை. தங்குமிடம், சாப்பாடு இலவசம்." சென்னையில் பாதி ஓட்டல்களின் வாசலில் இந்தப் பலகையைப் பார்க்கலாம். பேக்கரி, ஜவுளிக்கடை, எங்கள் அம்பத்தூர் பக்கத்து லேத் பட்டறை வரைக்கும் இதே வாசகம்தான். போக இடமில்லாமல் இந்த ஊரில் வந்து இறங்கும் பத்தொன்பது வயசுப் பையனுக்கு முதலில் கிடைக்கும் கூரை பெரும்பாலும் இந்தப் பலகைக்குப் பின்னால்தான் இருக்கிறது. அரசுக் காப்பகம், தொண்டு நிறுவனம் எல்லாம் அவனுக்குத் தெரியவருவதற்குள் பல ராத்திரிகள் கழிந்துவிடும்.

எங்கள் தொழிற்பேட்டையில் சின்னப் பட்டறை நடத்தும் ஆறு பேர் சேர்ந்து, ஆளுக்கு ஒரு லட்சம் என்று வருஷத்துக்கு 6 லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். 18 முதல் 24 வயதுக்குள் வீடில்லாமல் இருப்பவர்களுக்காக. பணத்தை ஒதுக்குவது ஒரு நாளில் முடிந்தது. அதை எப்படிச் செலவழிப்பது என்பதற்குத்தான் இரண்டு மாதம் ஆனது. நன்கொடை, விடுதி, பயிற்சி, வாடகை வீடு என்று ஆளுக்கு ஒன்று சொன்னோம். அந்தப் பேச்சில் நான் எடைபோட்டுப் பார்த்ததை எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கும் வேறு முதலாளிகளுக்கு உதவலாம்.

எனக்கு இதில் அக்கறை வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பட்டறையில் ஒரு தம்பி சேர்ந்தான். காலையில் ஷட்டர் தூக்கும்போது முதல் ஆளாக நிற்பான், ராத்திரி கடைசி ஆளாகப் போவான். பொறுப்பான பையன் என்று சந்தோஷப்பட்டேன். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் ஸ்பேனர் தேடி அவனுடைய டூல் பாக்ஸைத் திறந்தால், அடித்தட்டில் ஒரு டூத் பிரஷ், பாதி கரைந்த சோப்பு, பிளாஸ்டிக் கவரில் மடித்து வைத்த பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். பின்பக்கம் ஸ்கிராப் போடும் ஷெட்டில் அட்டைப் பெட்டியை விரித்துப் படுத்திருக்கிறான். "வேற எங்கண்ணே போறது?" என்று கேட்டான். பதினெட்டு முடிந்ததும் ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து வெளியே வந்தவன் அவன்.

மாடியில் ஆபீஸ் ரூமைத் திறந்துவிட்டேன். பாய், ஃபேன், ஒரு பிளக் பாயின்ட். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். எட்டு மாதம் கழித்து, ஒரு ஜாப் ரிஜெக்ட் ஆன தகராறில் சூப்பர்வைசர் அவனிடம் "நாளையிலேர்ந்து வராதே" என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் ஏழு மணி. நான் ஊரில் இல்லை. அவன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். ஒரு வாக்கியத்தில் வேலையும் போனது, படுக்கையும் போனது. நான்கு நாள் கழித்து எங்கள் வெல்டர் அவனைக் கொரட்டூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் பார்த்து அழைத்து வந்தார். இப்போது நன்றாக இருக்கிறான். ஆனாலும் அந்த நான்கு ராத்திரிகளை என்னால் மறக்க முடியவில்லை. நான் கொடுத்த கூரைதான் அவனை அப்படி வெளியே தள்ளியது.

அதனால் எந்த யோசனை வந்தாலும் இரண்டு கேள்விகளை வைத்துத்தான் அதைப் பார்க்கிறேன். வேலை போனால் படுக்கையும் போகுமா? முதல் சம்பளம் கைக்கு வரும்வரை அவன் நாளை எப்படி ஓட்டுவான்?

இவர்கள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், கணக்கே இவர்களைப் பார்ப்பதில்லை என்பதுதான் பதில். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் சுமார் 17.7 லட்சம் பேரை வீடற்றவர்கள் என்று பதிவு செய்தது. நடைபாதை, மேம்பாலத்தின் அடி, ரயில் நிலையம், கோயில் மண்டபம், பெரிய குழாய் என்று கட்டடத்துக்கு வெளியே படுப்பவர்களைத்தான் அது எண்ணியது. பட்டறை மாடியில் படுத்த எங்கள் தம்பி அந்தக் கணக்கில் வரமாட்டான். ஓட்டல் டேபிளைச் சேர்த்துப் போட்டுப் படுப்பவனும், நண்பன் ரூமில் பத்து நாள், இன்னொருவன் ரூமில் ஐந்து நாள் என்று ஓட்டுபவனும் வரமாட்டார்கள். பெண்கள் இன்னும் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். தெருவில் படுக்கும் பயத்தில் யார் வீட்டில் இடம் கிடைக்கிறதோ அங்கே போய்விடுகிறார்கள். அங்கே என்ன நடந்தாலும் வெளியில் வராது.

சரி, வழிகளைப் பார்ப்போம்.

முதலில் அந்தப் பலகை. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வரவில்லை. இன்றைக்கு ராத்திரிக்கே இடம் கிடைக்கிறது. அட்வான்ஸ் கேட்பதில்லை, அப்பா பெயர் கேட்பதில்லை, ஆதார் முகவரி எங்கே என்று துருவுவதில்லை. வேறு எந்த வழிக்கும் இந்த வேகம் கிடையாது. ஆனால் என் முதல் கேள்வியில் அது முழுசாகத் தோற்கிறது. கடைக்குள் படுப்பவனுக்கு வேலை நேரம் என்று ஒன்று இருக்காது. விடியற்காலை ஐந்து மணிக்குப் பால் வண்டி வந்தால் எழுந்து வாங்குவது அவன்தான். சம்பளம் குறைவு, அடிக்கிறார்கள் என்றாலும் வாயைத் திறக்க யோசிப்பான். திறந்தால் அன்று ராத்திரி எங்கே போவது? மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நடந்தது நமக்குத் தெரியும். மூன்று வருஷம் மில் விடுதியில் தங்கி வேலை செய்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணச் செலவுக்கு ஆகும் என்று சொல்லிப் பெண் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். நடுவில் உடம்பு முடியாமல் கிளம்பியவர்கள் அந்தத் தொகையை இழந்தார்கள். வேலை, படுக்கை, சேமிப்பு மூன்றும் ஒரே முதலாளியின் கையில் இருந்தால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

கடையில் தங்கவைப்பதைத் தவிர இப்போதைக்கு வழியில்லை என்பவர்கள் ஒன்றே ஒன்று செய்யலாம். வேலையை விட்டு நின்றாலும், நிறுத்தினாலும், அடுத்த 30 நாள் தங்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவனிடம் ஒரு நகல் கொடுங்கள். சூப்பர்வைசருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பட்டறையில் அன்றைக்கு இல்லாமல்போனது இந்த ஒரு காகிதம்தான்.

அடுத்து நன்கொடை. எங்களில் பலருக்கு இதுதான் பிடித்திருந்தது, அதில் தப்பும் இல்லை. ஆனால் நம் நன்கொடை எங்கே போகிறது என்று பாருங்கள். பிறந்தநாள் என்றால் குழந்தைகள் இல்லத்தில் மதியச் சாப்பாடு, தீபாவளி என்றால் புதுத்துணி. அதே இல்லத்தில் பதினெட்டு முடிந்து வெளியே போகிறவனுக்குக் கொடுக்க யாரும் வருவதில்லை. மீசை முளைத்த பையனோடு போட்டோ எடுத்துக்கொள்ள யாருக்கும் தோன்றுவதில்லை போல. சட்டம் அவனை மறக்கவில்லை. 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 46-வது பிரிவு, இல்லத்தை விட்டு வெளியேறுபவர்களுக்குப் பிற்காப்பு உதவி உண்டு என்கிறது. 21 வயது வரை, தேவைப்பட்டால் 23 வரை. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் அதற்கு மாதம் 4000 ரூபாய் இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் போய் விண்ணப்பிக்க வேண்டும். இப்படி ஒன்று இருப்பதே எங்கள் தம்பிக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

ஆகவே நன்கொடைதான் என்று முடிவெடுத்தால், அரிசி மூட்டையாகக் கொடுக்காமல் ஓர் ஆளின் சம்பளமாகக் கொடுங்கள். வெளியே போன பிள்ளைகளைப் போனில் தொடர்ந்து விசாரித்து, விண்ணப்பம் எழுதி, ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகிற ஓர் ஆள். வடசென்னையில் கருணாலயா போன்ற அமைப்புகள் தெருவில் வளரும் பிள்ளைகளோடு வருஷக்கணக்காக வேலை செய்கின்றன. அவர்களுக்கு மனிதர்கள்தான் முக்கியம். நன்கொடையாளர்கள் சம்பளத்துக்குக் கொடுக்கத் தயங்குவார்கள், பெயர் பொறித்த கட்டில் வாங்கித் தர ஓடி வருவார்கள். இந்த வழக்கத்தை நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

விடுதி கட்டுவது எங்கள் 6 லட்சத்தில் நடக்காது. பெரிய நிறுவனங்களால் முடியும். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட நிறுவனம் கடந்த மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்று 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் சொல்கிறது. பெண்களுக்கும் ஆதரவற்றோருக்கும் இல்லங்கள், விடுதிகள் அமைப்பது, அந்தப் பணத்தை எதற்கெல்லாம் செலவிடலாம் என்ற பட்டியலிலேயே இருக்கிறது. தன் சொந்த ஊழியர்களுக்கு மட்டும் விடுதி கட்டினால் அந்தக் கணக்கில் வராது. இந்த விதி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, படுக்கையை வேலையிலிருந்து பிரிக்கச் சட்டமே ஒரு கை கொடுக்கிறது. ஆனால் நாற்பது பேரை ஒரே கட்டடத்தில் வைத்தால் அது மறுபடி ஓர் இல்லம்தான். மணி அடித்தால் சாப்பாடு, ஒன்பது மணிக்குக் கேட் பூட்டு. பதினெட்டு வருஷம் அப்படி வாழ்ந்துவிட்டு வந்தவனுக்குச் சாவியை வைத்துக்கொண்டு வாழப் பழகத்தான் இடம் வேண்டும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் நான் வேறு மாதிரி நினைக்கிறேன். பெண்கள் விடுதிகளுக்குத் தமிழ்நாட்டில் 2014-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம். நாமாக ஒரு வீட்டைப் பிடித்து நடத்துவது சரிப்படாது, கூடவும் கூடாது. அரசின் தோழி விடுதிகள் இருக்கின்றன, பதிவு பெற்ற தனியார் மகளிர் விடுதிகளும் இருக்கின்றன. கட்டணத்தை நேராக விடுதிக்குக் கட்டிவிடலாம். அந்தப் பெண் எங்கே வேலை செய்கிறாள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

தொழில் பழகுநர் பயிற்சி எங்கள் ஆறு பேருக்குமே கைவந்த விஷயம். 1961-ம் ஆண்டு பழகுநர் சட்டப்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் பழகுநர்களைச் சேர்ப்பது கட்டாயம். எங்களைப் போல அதற்குக் கீழே, நான்கு பேராவது இருப்பவர்கள் விரும்பினால் சேர்க்கலாம். பழகுநருக்கு நாம் கொடுக்கும் உதவித்தொகையில் 25 சதவீதம், மாதம் 1500 ரூபாய் வரை மத்திய அரசு தருகிறது. மில்லிங் மெஷினில் ஒரு வருஷம் நின்றவனின் கைத்தொழிலை யாராலும் பிடுங்க முடியாது. ஆனால் இந்த உதவித்தொகை, அப்பா அம்மா வீட்டில் தங்கிச் சாப்பிட்டு வரும் பையனை மனசில் வைத்துப் போட்ட தொகை. சென்னையில் சாப்பாட்டோடு ஒரு ஷேரிங் பிஜி (மாதக் கட்டணம் கட்டித் தங்கும் இடம்) சுமார் 7000 ரூபாய் என்றால், அவன் கையில் மிஞ்சுவது என்ன? ஆகவே பயிற்சி தேவை, ஆனால் தனியாக அது நிற்காது. கூரையோடு சேர்ந்துதான் நிற்கும்.

மிச்சம் இருப்பது வாடகை வீடு. எங்கள் முடிவும் இதுதான்.

வீடு தேடிப் போனால் என்ன நடக்கும் என்பது இந்த ஊரில் வாடகைக்கு இருந்த எல்லோருக்கும் தெரியும். "ஃபேமிலிக்குத்தான்." "பேச்சிலருக்குக் கிடையாது." அப்புறம் சொந்த ஊர் எது, அப்பா என்ன பண்றார், சுற்றி வளைத்துச் சாதி. இல்லத்தில் வளர்ந்தவனிடம் இதில் ஒன்றுக்கும் பதில் கிடையாது. அவனுக்காகப் பேச வந்து நிற்க மாமா, சித்தப்பா கிடையாது. இதையெல்லாம் தாண்டினால் அட்வான்ஸ். மூன்று மாத வாடகைதான் முன்பணம் என்று 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டம் சொன்னாலும், இரு தரப்பும் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ள அதிலேயே இடம் இருக்கிறது. பத்து மாதம் கேட்பவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இங்கேதான் ஒரு தொழில் நடத்துபவனிடம் வேறு யாரிடமும் இல்லாத ஒரு சரக்கு இருக்கிறது: நம் பெயர். இருபது வருஷமாக அதே ஏரியாவில் பட்டறை வைத்திருப்பவன் வந்து, "அக்ரிமென்ட் எங்க பேர்ல, வாடகை மாசம் அஞ்சாம் தேதி பேங்க்ல வந்துடும், ஏதாவது உடைஞ்சா நாங்க பொறுப்பு" என்றால் வீட்டுக்காரர் கேட்கிறார். நாங்கள் பார்த்த ஏழு வீடுகளில் ஐந்து பேர் முடியாது என்றார்கள், இரண்டு பேர் யோசிக்கிறேன் என்றார்கள். அந்தத் தம்பி தனியாகப் போயிருந்தால் ஏழுமே முடியாதுதான்.

கணக்கையும் போட்டுக் காட்டுகிறேன். ஐந்து பையன்கள், இரண்டு பெட்ரூம் வீடு, வாடகை 16,000 என்றால் வருஷத்துக்கு 1.92 லட்சம். கரன்ட், தண்ணீர், கேஸ் மாதம் 4000 வீதம் 48,000. வாரத்தில் மூன்று நாள் வந்து பார்த்துக்கொள்ளும் ஓர் ஆளுக்கு மாதம் 15,000 வீதம் 1.8 லட்சம். மொத்தம் 4.2 லட்சம். முதல் வருஷம் ஐந்து மாத அட்வான்ஸ் 80,000, கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ் 50,000. மீதி 50,000 ஆஸ்பத்திரிச் செலவு மாதிரி அவசரத்துக்கு.

இதே ஐந்து பேரை பிஜியில் சேர்த்தால்? ஆளுக்கு 7000 வீதம் வருஷத்துக்கு 4.2 லட்சம், அதே பகுதிநேர ஆளுக்கு 1.8 லட்சம். இதுவும் 6 லட்சம்தான், சாப்பாடும் அதில் சேர்ந்தே வந்துவிடுகிறது. எங்களில் இரண்டு பேர் பிஜிக்காகக் கடைசி வரை வாதாடினார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பிஜியில் அவன் நூறு பேரில் ஒருவன், "இல்லத்துப் பசங்க தங்குற வீடு" என்று தெருவில் யாரும் கைகாட்ட மாட்டார்கள். ஒரே ஒரு பையனுக்கு உதவ நினைக்கும் ஒரு சின்னக் கடைக்கு நானும் பிஜியைத்தான் சொல்வேன். பணத்தை நேராகக் கட்டிவிட்டு, வேலையை விட்டாலும் மூன்று மாதம் கட்டுவேன் என்று சொல்லிவிட்டால் போதும். ஆனால் ஐந்து பேர் என்றால் இரண்டாம் வருஷத்திலிருந்து வீடு சல்லிசாகிவிடுகிறது. அட்வான்ஸ், சாமான் செலவு மறுபடி வராது. பையன்கள் சம்பாதிக்க ஆரம்பித்து ஆளுக்கு 2000 ரூபாய் பங்கு கொடுத்தால் வருஷத்துக்கு 1.2 லட்சம் திரும்பி வரும். அதில் இன்னொரு பையனுக்கு பிஜி எடுக்கலாம். அப்புறம், உடம்பு சரியில்லாதபோது கஞ்சி வைத்துக் கொடுக்க இன்னொருவன் இருப்பான். இதற்குக் கணக்கு போட முடியவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அக்ரிமென்டில் எங்கள் பெயர் இருக்கும், ஆனால் யார் தங்கலாம், யார் கிளம்ப வேண்டும் என்று முடிவெடுப்பது நாங்கள் இல்லை. ஒரு தொண்டு அமைப்பிடம் அதை எழுதிக் கொடுக்கிறோம். பையன் எங்கள் ஆறு பட்டறையில் எதிலும் வேலை செய்யலாம், வெளியே பேக்கரியில் செய்யலாம், டெலிவரி வேலைக்குப் போகலாம். வேலை போனால் மூன்று மாதம் பங்கு கொடுக்க வேண்டாம், வீட்டில் இருக்கலாம். "நம்ம காசுல தங்கிட்டு அடுத்தவன் கடைக்குப் போவானா?" என்று ஒரு நண்பர் கேட்டார். போகட்டும் என்றேன். அப்படிப் போக முடிகிற இடம்தான் அவனுக்கு வீடு.

பிரான்சில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இளம் தொழிலாளர் இல்லங்கள் என்று ஆரம்பித்தார்கள், 1992-ல் பிரிட்டன் அதே மாதிரியை எடுத்துக்கொண்டது. தங்கும் இடம், தொழில் பயிற்சி, பக்கத்தில் இருந்து வழிகாட்ட ஓர் ஆள், மூன்றும் ஒரே இடத்தில். அதை நடத்துவது வேலை கொடுக்கும் முதலாளி இல்லை. எங்கள் வீடு அதன் ரொம்பச் சின்ன வடிவம்.

காசே செலவில்லாத சில வேலைகளும் இருக்கின்றன. பணம் ஒதுக்க முடியாத கடைகள் இவற்றையாவது செய்யலாம். மாதச் சம்பளம் அடுத்த மாதம் பத்தாம் தேதி என்றால், இரண்டாம் தேதி சேர்ந்தவன் கிட்டத்தட்ட நாற்பது நாள் காசில்லாமல் இருக்க வேண்டும். பல பேர் அந்த நாற்பது நாளில்தான் வேலையை விட்டு ஓடுகிறார்கள், சோம்பேறி என்று நாம் பெயர் வைத்துவிடுகிறோம். முதல் இரண்டு மாதம் வாரச் சம்பளமாகக் கொடுத்தால் போதும். வேலைக்கான விண்ணப்பத்தில் "உள்ளூர் ஜாமீன்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். குளிக்க, துணி துவைக்க ஒரு பாத்ரூம் திறந்திருக்கட்டும். ஆதார் வேலைக்கு ஒரு நாள் லீவு கொடுங்கள். எங்கள் தம்பியின் ஆதாரில் இருந்த செல் நம்பர் இல்லத்து வார்டனுடையது. அவர் எப்போதோ மாறிப் போய்விட்டார், ஓடிபி யாருக்கோ போய்க்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யாமல் பிஎஃப்பும் இல்லை, பேங்க் கணக்கும் இல்லை. மூன்று தடவை அலைந்து முடித்தோம். பதினெட்டு வயசுக்குள் இருக்கும் பிள்ளை யாராவது வந்து நின்றால், பாவம் என்று வேலையில் வைத்துக்கொள்ளாமல் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள்.

பெரிய நிறுவனங்களில் இதை முடிவு செய்யும் இடத்தில் யாராவது இருந்தால் அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு வருஷம் கொடுத்துவிட்டு அடுத்த வருஷம் மரம் நடப் போய்விடாதீர்கள். மூன்று வருஷம் வரை நீளும் திட்டமாகப் போட விதி இடம் தருகிறது. பத்தொன்பது வயசுப் பையன் ஒருவன் தன் காலில் நிற்க ஏறக்குறைய அவ்வளவு நாள்தான் ஆகிறது.

யோசிக்கிறேன் என்ற இரண்டு வீட்டுக்காரர்களில் ஒருவர் போன வாரம் சரி சொல்லிவிட்டார். கொரட்டூரில் மாடிப் போர்ஷன், ஸ்டேஷனிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம். எங்கள் தம்பிதான் முதலில் குடி போகிறான், இன்னும் நான்கு பேரைத் தொண்டு அமைப்பு சொல்லும். ஆடியில் வேண்டாம், ஆவணி பிறக்கட்டும் என்று வீட்டுக்கார அம்மா சொல்லியிருக்கிறார். பால் காய்ச்ச எந்தப் பாத்திரம் வாங்க வேண்டும் என்று தம்பி நேற்று வெல்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.